'டென்ஷன்' என்னும் அனாமத்துக் கணக்கு

காரணம் தெரியாமல் நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்று ஒருவர் சொன்னால், நம் ஆட்களிடம் கிடைக்கும் பதில் மொத்தம் இரண்டுதான். ஒன்று 'கேஸ்', இன்னொன்று 'டென்ஷன்'. இங்கே சாலை கடைத்தெருவில் மலையாளத்தில் சொல்லிப் பாருங்கள், அதே இரண்டுதான் வரும். இதில் இரண்டாவது வார்த்தை மேல் எனக்கு இருக்கும் மனக்குறைதான் இந்தப் பதிவு.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் குப்பை கொட்டுகிறவன். கும்பகோணம் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்து திருவனந்தபுரத்தில் தனியாக இருக்கிறேன். இந்தத் தொந்தரவு எனக்கும் இரண்டு வருடமாக உண்டு. மாதம் ஒரு முறை வரும். பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போதே சுவிட்ச் போட்ட மாதிரி ஆரம்பிக்கும். நாடியை எண்ணினால் நிமிடத்துக்கு 160, 170. பத்து நிமிடத்தில் சுவிட்சை அணைத்த மாதிரி நின்றுவிடும். ஈசிஜி நார்மல், எக்கோ நார்மல், தைராய்டு நார்மல், ரத்த சோகையும் இல்லை. "ஃபேமிலி ஊர்ல இருக்கு, பேங்க் வேலை வேற. டென்ஷன்தான் சார்." அத்தோடு ஃபைல் மூடப்பட்டது.

வங்கியில் எந்தத் தலைப்பிலும் சேராத தொகையை அனாமத்துக் கணக்கில் போட்டு வைப்போம். அதில் தப்பில்லை. ஆனால் அது தற்காலிகம். இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிறவர் முதலில் புரட்டுவதே அந்தக் கணக்கைத்தான். "எத்தனை நாளாக நிற்கிறது? ஏன் தீர்க்கவில்லை?" என்று குடைந்துவிடுவார். 'டென்ஷன்' என்பதும் அப்படி ஓர் அனாமத்துக் கணக்குதான். ஒரே வித்தியாசம், அதைப் புரட்டிப் பார்க்க இன்ஸ்பெக்டர் யாரும் வருவதில்லை.

கொஞ்சம் கணக்குப் போடலாம், அதுதானே நமக்குத் தெரிந்த தொழில் :-) சாதாரண ஈசிஜி பதிவு செய்வது சுமார் 10 விநாடி. ஒரு நாளைக்கு 86,400 விநாடி. மாதம் ஒரு முறை, பத்தே நிமிடம் வரும் ஒன்று, அந்தப் பத்து விநாடியில் வந்து நிற்குமா? உடம்பில் மாட்டிக்கொண்டே திரியும் ஹோல்ட்டர் கருவியை 24 மணி நேரம் வைத்தாலும், அன்றைக்கே அது வர வாய்ப்பு முப்பதில் ஒன்று. ஆக, 'நார்மல்' என்று வரும் ரிப்போர்ட் பொய் இல்லை. அந்த நேரத்துக்கு மட்டும் அது உண்மை. ஒரு வவுச்சரைப் பார்த்துவிட்டு முழு வருடக் கணக்கும் சரி என்று யாராவது கையெழுத்துப் போடுவார்களா?

இதே ஊரில்தான் ஸ்ரீசித்திரா திருநாள் இன்ஸ்டிட்யூட் இருக்கிறது. டாக்டர் வலியத்தான் காலத்தில் அங்கே உருவான செயற்கை வால்வு 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அதனால் வால்வு என்றால் இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். 'பிளாக்' பற்றிக் கேட்கவே வேண்டாம், டீக்கடையிலேயே வகுப்பு எடுப்பார்கள். ஆனால் இதயத்துக்குள் கரண்ட் ஓடும் பாதை என்று ஒன்று இருப்பதை யாரும் பேசுவதில்லை. வால்வு நன்றாக இருக்கலாம், பிளாக் இல்லாமல் இருக்கலாம், வயரிங்கில் மட்டும் கோளாறு இருக்கலாம்.

1930-ல் வுல்ஃப், பார்க்கின்சன், வைட் என்ற மூன்று மருத்துவர்கள், மற்றபடி ஆரோக்கியமாக இருந்த இளம் வயதுக்காரர்கள் 11 பேரைப் பற்றி எழுதினார்கள். திடீர் திடீரென்று இதயம் தறிகெட்டு ஓடும் ஆட்கள். அவர்களின் ஈசிஜியில் ஒரு தனி மாதிரி இருந்தது. பிறவியிலேயே இதயத்தில் கூடுதலாக ஒரு மின்பாதை இருப்பதுதான் காரணம் என்பது பிறகு உறுதியானது. 1980-களின் கடைசியிலிருந்து, தொடை வழியாக மெல்லிய வயரை அனுப்பி, அந்த இடத்தை மட்டும் சூட்டால் பொசுக்கிச் சரிசெய்கிறார்கள். பிரிட்டிஷ் பிரதமர் டோனி பிளேருக்கு 2003-ல் இதயத் துடிப்பு எகிறி ஆஸ்பத்திரிக்குப் போனார். 2004-ல் வயர் விட்டுச் செய்யும் இதே சிகிச்சையைச் செய்துகொண்டார். அவரிடம் யாரும் "டென்ஷன் சார்" என்று சொல்லி அனுப்பவில்லை. அவர் வேலையை விடவா டென்ஷன் பிடித்த வேலை?

அமெரிக்காவில் 1997-ல் வெளியான ஓர் ஆய்வு. இந்த வகை வேகத் துடிப்பு இருப்பது பின்னால் நிரூபணமான 107 பேரை எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பேருக்கு இருந்த அறிகுறிகள், 'பேனிக்' என்ற மனப் பதற்றக் கோளாறின் பட்டியலோடு அப்படியே பொருந்தின. பெண்கள் என்றால் மனப் பதற்றம் என்று முத்திரை குத்துவது இன்னும் அதிகம். நம் வீட்டுப் பெண்கள் எத்தனை பேர் "உனக்கு எல்லாத்துக்கும் பயம்" என்ற ஒரே வசனத்தோடு வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்களோ!

இதில் நம் மொழிக்கும் பங்கு உண்டு. தமிழில் 'படபடப்பு' என்றால் நெஞ்சு அடிப்பதும் அதுதான், பதற்றமும் அதுதான். சொல்லும்போதே நோயாளி தீர்ப்பையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார். மலையாளத்தில் 'நெஞ்சிடிப்பு' என்கிறார்கள். நடந்ததை மட்டும் சொல்லும் வார்த்தை. அந்த விஷயத்தில் எனக்கு இந்த ஊர் பாஷை பிடித்திருக்கிறது.

டாக்டர்கள் பக்கமும் நியாயம் உண்டு. இப்படி வருகிற பலருக்கு ஆபத்தான ஒன்றும் இருப்பதில்லை. பதற்றத்தாலேயே நெஞ்சு அடிப்பதும் நிஜம், அதற்கும் சிகிச்சை வேண்டும். நான் கேட்பது ஒன்றுதான். டென்ஷன் என்று எழுதுவதானால் ஆதாரத்தோடு எழுதுங்கள். வேறு ஒன்றும் கிடைக்கவில்லை என்பதற்காக எழுதாதீர்கள். ராத்திரி இரண்டு மணிக்குத் தனியாக அறையில் 170 ஓடும்போது பயம் வரத்தான் செய்யும். அது காரணமா, விளைவா என்று யாராவது பார்க்க வேண்டாமா?

நம் பங்குக்கு நாம் செய்யக்கூடியவை:

வந்த தேதி, நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது, நாடி எத்தனை, சீராக அடித்ததா தாறுமாறாகவா, மெல்ல ஏறியதா சட்டென்று வந்ததா – எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். காபி, ஜலதோஷ மாத்திரை, ஆஸ்துமா பம்ப் எது எடுத்திருந்தாலும் அதையும். வந்துகொண்டிருக்கும்போதே பக்கத்தில் எங்காவது ஓர் ஈசிஜி எடுத்துவிட முடிந்தால், நார்மலான பத்து ஈசிஜியை விட அது மேல். அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ஈசிஜி எடுக்கும் கைக்கடிகாரங்களும் இப்போது வந்துவிட்டன. அதில் பதிவானதையும் டாக்டரிடம் காட்டலாம்.

மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் சேர்ந்து வந்தால் நோட்டுப் புத்தகத்தைத் தேடாமல் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். உழைக்கும்போது நெஞ்சு அடித்துக்கொண்டாலோ, குடும்பத்தில் சிறு வயதில் யாராவது திடீரென்று இறந்திருந்தாலோ, அதை முதல் வரியிலேயே டாக்டரிடம் சொல்லுங்கள்.

என் நோட்டில் இதுவரை 19 பதிவுகள். அடுத்து, வாரக்கணக்கில் பதிவு செய்யும் கருவியை மாட்டிக்கொள்ளக் கேட்டிருக்கிறேன். கடைசியில் டென்ஷன்தான் என்று வந்தாலும் எனக்குச் சம்மதமே. ஆனால் அது அனாமத்திலிருந்து எடுத்து உரிய தலைப்பில் எழுதப்பட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.