ஹைப்ரிட் காரும் குடும்பக் கணக்கும்

அம்பர்நாத்தில் நம்மவர் இல்லங்களில் எப்பொழுதும் ஏதேனும் ஒரு கணக்கு நடந்துகொண்டே இருக்கும். காலை ரயிலின் கணக்கு ஒன்று. குழாயில் நீர் வரும் நேரத்தின் கணக்கு ஒன்று. ஊருக்கு அனுப்பும் பணத்தின் கணக்கு மற்றொன்று. இப்பொழுது புதிதாக ஒரு கணக்கும் சேர்ந்திருக்கிறது. "ஹைப்ரிட் கார் வாங்கலாமா?" என்பதே அது.

சென்ற மாதம் மாதுங்காவில் கூட்டம் முடிந்து திரும்பும்பொழுது, பக்கத்துத் தெருவில் வசிக்கும் நண்பர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். "அண்ணாச்சி, தாங்கள் ஹைப்ரிட் வண்டி வைத்திருக்கிறீர்கள். நானும் அதையே வாங்கத் தீர்மானித்துவிட்டேன். சாதாரண வண்டியைக் காட்டிலும் மூன்று லட்சம் அதிகமாகிறது. மகளின் கல்லூரிப் படிப்புக்கென்று சேர்த்த சீட்டுப் பணம் கையில் இருக்கிறது. அதைப் போட்டு வாங்கிவிட்டு, பெட்ரோலில் மிச்சமாவதைக் கொண்டு இரண்டே வருஷத்தில் திருப்பி வைத்துவிடலாம் அல்லவா?" என்றார்.

ரயில் நிலையப் படிக்கட்டில் நின்று சொல்லக்கூடிய பதில் அன்று அது. "தம்பி, ஞாயிறன்று வீட்டுக்கு வாருங்கள், கணக்குப் புத்தகத்தோடு பேசுவோம்" என்று சொல்லி அனுப்பினேன். அந்த ஞாயிறன்று பேசியதை அன்பர்கள் யாவருக்கும் பயன்படும் என்று எண்ணி இங்கே எழுதுகிறேன்.

முதலில் இந்த வண்டி இன்னதென்று அறிய வேண்டும். இதில் பெட்ரோல் எஞ்சினும் உண்டு, மின் மோட்டாரும் உண்டு. சாதாரண வண்டியில் பிரேக்கை மிதிக்கும்பொழுதெல்லாம் ஓட்டத்தின் சக்தி உஷ்ணமாகி வீணே போகிறது. ஹைப்ரிட் வண்டியில் அச்சமயம் மின் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, அச்சக்தியில் ஒரு பகுதியை மின்சாரமாக்கிப் பாட்டரியில் சேர்த்து வைக்கிறது. வண்டி மெல்ல நகரும்பொழுது அந்த மின்சாரமே சக்கரத்தைச் சுழற்றுகிறது. எஞ்சின் ஓய்வு கொள்கிறது. வீட்டு மின்சாரத்தில் செருகிச் சார்ஜ் செய்ய வேண்டியதில்லை. இந்த யோசனை பழையதே. 1900-ஆம் ஆண்டையொட்டியே பெர்டினாண்ட் போர்ஷே என்ற நிபுணர் இவ்வகை வண்டி செய்து காட்டினார். ஆயினும் 1997 டிசம்பரில் ஜப்பானில் டொயோட்டாவின் பிரியஸ் வெளிவந்த பின்னரே உலகம் இதைப் பெருமளவில் வாங்கலாயிற்று. நம் நாட்டில் 2022-இல் மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர் ஆகியவை கர்நாடகத்தின் பிடதியில் உற்பத்தியாகி வந்தபொழுதுதான் நடுத்தரக் குடும்பத்தினரின் கண்ணில் இவை பட்டன.

இங்கே ஓர் எச்சரிக்கை. "ஹைப்ரிட்" என்ற பெயர் தாங்கிய வண்டிகள் யாவும் ஒன்றல்ல. "மைல்டு ஹைப்ரிட்" என்பதில் உள்ள சிறு மோட்டார் எஞ்சினுக்குக் கை கொடுக்குமேயன்றித் தானே வண்டியை இழுத்துச் செல்லாது. அதில் மிச்சமும் அற்பமே. "ஸ்ட்ராங் ஹைப்ரிட்" என்பதுதான் நான் மேலே விவரித்தது. விற்பனைக் கூடத்தில், "எஞ்சின் நின்றிருக்கும்பொழுது மின்சாரத்தில் மாத்திரம் இவ்வண்டி ஓடுமா?" என்று ஒரே கேள்வி கேட்டால் உண்மை வெளிப்பட்டுவிடும்.

இனி மிச்சத்தைப் பார்ப்போம். மேற்சொன்ன இரு வண்டிகளின் ஸ்ட்ராங் ஹைப்ரிட் வகைக்கு 2022-இல் அறிவிக்கப்பட்ட மைலேஜ் லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர். அது சோதனைச் சாலையில் கண்ட அளவு. என் கணக்குப் புத்தகத்தில் சராசரி 22. இதே அளவுள்ள சாதாரணப் பெட்ரோல் வண்டி நம் பக்கத்து நெரிசலில் 14 கொடுப்பதாகவும், பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய் என்றும், விலை வித்தியாசம் 3 லட்சம் என்றும் வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு ஏறத்தாழ 390 லிட்டர், அதாவது 39,000 ரூபாய் மிச்சம். அதிகம் கொடுத்த விலை திரும்பி வர எட்டு வருஷத்துக்குச் சற்றுக் குறைவாகும். வருஷத்துக்கு 5,000 கிலோமீட்டர் மாத்திரம் ஓட்டுபவருக்கோ 130 லிட்டர், 13,000 ரூபாய்தான் மிச்சம். அவருக்கு 23 வருஷம் ஆகும்! ஹைப்ரிட் பாட்டரிக்கு டொயோட்டா தரும் உத்தரவாதமே 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், இவற்றில் எது முந்துகிறதோ அதுவரைதான் என்பதையும் இங்கே நினைவில் கொள்க.

வரியும் ஒரு விஷயம். 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்குள் நீளமும் 1,200 சி.சி.க்குள் பெட்ரோல் எஞ்சினும் கொண்ட சிறு வண்டிக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாயிற்று. அதற்கு மேற்பட்ட ஹைப்ரிட் வண்டிக்கு 40 சதவீதம். முழு மின்சார வண்டிக்கோ 5 சதவீதமே. ஆகவே வாங்குபவர் இம்மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும்.

"அப்படியானால் தாங்கள் ஏன் வாங்கினீர்கள்?" என்று நண்பர் கேட்டார். நியாயமான கேள்வியே.

2023-இல் என் இல்லாளுக்குச் செம்பூரில் சிகிச்சை தொடங்கியது. வாரம் மும்முறை போக வேண்டும். ரயிலில் ஏறி நிற்கும் நிலையில் அவள் இல்லை. காட்டாய், ஷீல்பாட்டா, மகாபே, வாஷிப் பாலம், மான்குர்த் வழியாகப் போகவர ஏறத்தாழ 90 கிலோமீட்டர். அவ்வழியை அறிந்தவர் அறிவர். ஷீல்பாட்டாவில் லாரிகளின் நடுவே வண்டி ஊர்ந்த நேரம்தான் அதிகம். ஹைப்ரிட் தன் குணத்தைக் காட்டுவது அத்தகைய இடத்தில்தான். எஞ்சின் நின்றுவிடும், குளிர்சாதனம் மட்டும் இயங்கும், அதிர்வில்லாமல் அவள் கண்ணயர்வாள். கிளட்ச் இல்லாததால் என் முழங்காலுக்கும் வேலையில்லை. திறந்த நெடுஞ்சாலையில் ஒரே வேகமாகப் போகும்பொழுது இந்த லாபம் பெரிதும் குறைந்துவிடுகிறது என்பதையும் புனே பிரயாணங்களில் கண்டேன்.

இறைவன் அருளால் 2025-இல் சிகிச்சை முடிந்தது. அதன் பின்னர் வண்டி பெரும்பாலும் வாசலில் நிற்கிறது. என் மகன் ஐரோலிக்கு ரயிலில்தான் போகிறான். ஆகவே பணக் கணக்கில் நான் இனி வெல்லப் போவதில்லை. ஆனால் அந்த இரண்டு வருஷத்துக்கு அவ்வண்டி செய்த ஊழியத்தை ரூபாயில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

வாசலில் நிற்கும் வண்டி எனக்கு ஒரு பாடமும் கற்பித்தது. கோடையில் ஐந்து வாரம் திருநெல்வேலி சென்று திரும்பினோம். வந்த இரவே எதிர் வீட்டுப் பெரியவருக்கு மார்வலி என்று கதவைத் தட்டினார்கள். ஓடிப் போய்ப் பொத்தானை அழுத்தினால் வண்டி உயிர் கொள்ளவில்லை. நல்லவேளையாக ஓர் ஆட்டோ கிடைத்தது, பெரியவர் பிழைத்தார். மறுநாள் மெக்கானிக் விளக்கினார்: ஹைப்ரிட்டில் பெரிய பாட்டரியைத் தவிர, எல்லா வண்டிகளிலும் உள்ளதுபோல் 12 வோல்ட் பாட்டரி ஒன்றும் உண்டு. பெரியது நிறைந்திருந்தாலும், சிறியது தீர்ந்தால் வண்டி விழிக்காது. நெடுநாள் நிறுத்துவோர் வாரம் ஒரு முறையேனும் யாரையாவது கொண்டு சற்று நேரம் ஓட்டச் செய்ய வேண்டும். அது கையேட்டிலேயே இருந்தது. படிக்காத குற்றம் என்னுடையதே.

வைத்திருப்போர் கவனிக்க வேண்டியவை இன்னும் மூன்று. ஒன்று: பின் இருக்கையின் அருகே பாட்டரிக்குக் காற்றுப் போகும் துவாரம் இருப்பின், அதை மூட்டை முடிச்சுகளால் அடைக்கலாகாது. அடைத்தால் பாட்டரி சூடேறி ஆயுள் குறையும். இரண்டு: ஆரஞ்சு நிற உறையிட்ட மின்கம்பிகளில் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் உண்டு, தெரிந்த மெக்கானிக்கைத் தவிர எவரும் தொடலாகாது. 2005 ஜூலை 26-ஆம் நாள் சாந்தாகுருஸில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதை நாம் மறக்கவில்லை. வண்டி வெள்ளத்தில் மூழ்கினால், நீர் வடிந்ததும் ஓட்டிப் பார்க்கும் ஆவலை அடக்கி, சோதித்த பின்னரே இயக்க வேண்டும். மூன்று: மெல்லப் போகும்பொழுது ஓசை மிகக் குறைவு. சந்தில் பந்தாடும் பிள்ளைகளுக்கு வண்டி வருவது தெரியாது. ஓட்டுபவரே இரு மடங்கு விழிப்பாயிருத்தல் வேண்டும்.

இவ்வளவும் கேட்ட நண்பரிடம், "தம்பி, தாங்கள் வேலைக்கு எதில் போகிறீர்கள்?" என்று கேட்டேன். "லோக்கல் ரயிலில்." "வண்டி எதற்கு?" "ஞாயிறு தோறும் தாராவியில் அம்மாவைப் பார்க்க, பண்டிகைக்குக் கோயிலுக்கு." கூட்டிப் பார்த்தோம். வருஷத்துக்கு ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர்தான் தேறியது. சிறிது நேரம் மௌனமாயிருந்தவர், "சீட்டுப் பணம் மகளுடையதாகவே இருக்கட்டும், அண்ணாச்சி" என்றார். சிறிய பெட்ரோல் வண்டி ஒன்றைப் பார்ப்பதாகச் சொல்லி எழுந்தார்.

அன்பர்களே, ஹைப்ரிட் நல்ல வண்டி. நெரிசலில் தினமும் நெடுந்தூரம் ஓடுபவருக்கு அது பணத்தையும் தரும், உடம்புக்குச் சுகத்தையும் தரும். வாசலில் நிற்கும் வண்டியோ எதையும் மிச்சம் பிடிக்காது. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பதற்கு முன், வருஷத்துக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேளுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று மாதம் குடும்பத்தின் பிரயாணங்களை எழுதி வையுங்கள். பிறகு கடைக்குப் போங்கள். விற்பனையாளர் சொல்லும் கணக்கைவிட அந்தப் புத்தகம் உங்களுக்கு உண்மையைச் சொல்லும்.