31ஆந் தேதிப் பேர் எங்கே போச்சு?

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில், கங்காணி காலத்தில் ஆளின் கடனைத் துண்டில் எழுதித் தோட்டம் விட்டுத் தோட்டம் அனுப்பினார்கள். 1921இல் சட்டம் போட்டுத்தான் அதை நிறுத்த முடிந்தது. உழைத்தவர் ஒருவர், கணக்கு எழுதியவர் வேறொருவர். இன்றைக்கும் தெமோதரைப் பக்கம் சம்பளச் சிட்டையைக் கையில் வாங்கினால், வெட்டு எதெதற்கு என்று விரல் வைத்துச் சொல்லக்கூடியவர்கள் லயத்துக்குச் சிலர்தான். 2025ஆம் வருசம் நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. 22 பேர், அதாவது 22 நாள் வேலை, விழுந்தால் 29,700. அதில் 8 வீதம், 2,376 ரூபாய், ஊழியர் சேமலாப நிதியான ஈ.பி.எப்புக்குப் போகும். பிறகு சங்கச் சந்தா, கோயில், தீபாவளி முற்பணம், தேத்தூள்.

இதையெல்லாம் வீட்டிலேயே எழுதிவைக்க லெட்ஜர், எச்லெட்ஜர் போன்ற மென்பொருள்களைவிட நல்லது எனக்குத் தெரியாது. லெட்ஜரை ஜான் வீக்லி 2003இல் வெளியிட்டார். காசு கிடையாது. கணக்கு வெறும் எழுத்துக் கோப்பாக இருப்பதால், மென்பொருளே இல்லாமல் போனாலும் எந்தக் கணினியிலும் திறந்து வாசிக்கலாம். ‘கொழுந்து’, ‘முற்பணம்’ என்று கணக்குகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். ரூபாயைப் போல ‘பேர்’ என்பதையும் ஓர் அலகாக எழுதலாம். 22 பேர், பேருக்கு 1,350 என்று போட்டால் பெருக்கிக்கொள்ளும்.

இவ்வளவு நல்ல சாமானில் கேள்வி கேட்கிற இடத்தை ஏனப்பா இப்படிக் கெடுத்து வைத்திருக்கிறீர்கள்? கட்டளைவரியில் ஒரு கோடு, ஓர் ஆங்கில எழுத்து. சின்ன ‘பீ’ போட்டால் தொடக்கத் தேதி, பெரிய ‘பீ’ போட்டால் அடக்கவிலை. சின்ன ‘எஸ்’ லெட்ஜரில் கூட்டிக் காட்டும்; எச்லெட்ஜரில் அதுவே கணக்கைக் கறாராகச் சோதிக்கும். ஒன்றில் பழகின பிள்ளை அடுத்ததில் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட வயிறெரிகிறது முடிவுத் தேதியில்தான். 2025 ஒக்டோபர் 1 முதல் 31 வரை என்று கேட்டால் 30ஆந் தேதியோடு நின்றுவிடும். 31ஆந் தேதி வெள்ளிக்கிழமை, மழையில் நனைந்து பறித்த பேர் அதில் இல்லை. பிழை என்றும் சொல்லாது. முழுக் கணக்கு போலவே மொத்தம் போட்டுக் காட்டும். நவம்பர் 1 என்று கொடுத்தால்தான் சரி. மாதத்தை மட்டும் சொல்லிக் கேட்டால் ஒழுங்காக வரும், உண்மைதான். ஆனால் சிட்டையோடு ஒப்பிடுகிறவர் தேதியைப் பார்த்துத்தானே கேட்பார்? கையேட்டில் இருக்கிறது என்பார்கள். இருக்கிறது, ஆங்கிலத்தில், நூற்றுக்கணக்கான ஆப்ஷன்களுக்கு நடுவில்.

2025ஆம் வருசக் கணக்கில் ஒரு நாள் பேர் விடுபட்டால் 1,350 ரூபாய். பேர் பதிகிற செக்ரோலில் அரைப்பேர் குறைந்ததற்கே ஐயாவின் வாசலில் நின்று வாதாடுகிற சனம் இது. தமிழில் கணக்கின் பெயரை வாசிக்கிற மென்பொருள், ‘முதல்’, ‘வரை’ என்று தமிழில் கேட்டால் மட்டும் ஏன் முழிக்க வேண்டும்? அதைச் செய்ய நாளாகும் என்றால் ஆகட்டும். சொன்ன தேதியையும் சேர்த்து எண்ணுவதற்கு ஓர் ஆப்ஷனையாவது முதலில் கொடுங்கள்.