குடும்பம் இல்லாத அண்ணன்கள்

போன சனிக்கிழமை நண்பர் வீட்டுல பாட்லக். பத்துப் பன்னிரண்டு தமிழ்க் குடும்பம். சாப்பிட்டு முடிச்சதும் பேச்சு வழக்கம்போல வீட்டு விலை, விசா, கிரீன் கார்டுன்னு ஒரு ரவுண்டு சுத்திட்டு, எந்த ஊர்க்காரன் அமெரிக்கா வந்து எப்படி முன்னேறினான்ங்கற பட்டிமன்றத்துல வந்து நின்னுச்சு. அப்போ ஒரு அண்ணன் (நல்ல மனுஷர், யாருக்கு என்னன்னாலும் முதல்ல ஓடி வர்றவர்) சொன்னார்:

"அந்தக் காலத்து பிலிப்பினோ ஆளுங்களப் பாருங்க. நமக்கு எவ்வளவோ முன்னாடி வந்தவங்க. வயக்காட்டுல சம்பாதிச்சதை எல்லாம் சூதாட்டத்துலயும் சேவல் சண்டையிலயும் விட்டுட்டு, குடும்பம் குட்டின்னு இல்லாமலே செத்துப் போனாங்க. நமக்கு ஃபேமிலி வேல்யூஸ் இருக்கு. அதான் வித்தியாசம்."

நான் அங்கே வாயைத் திறக்கலை. கையில பாயசம் வேற இருந்தது. ஆனா வீட்டுக்கு வந்ததிலிருந்து மனசு கேட்கலை. அதான் இந்தப் பதிவு. அண்ணே, நீங்களும் இதைப் படிப்பீங்கன்னு தெரியும். கோவிச்சுக்காதீங்க.

ஒரே ஒரு விஷயம்தான் சொல்லப் போறேன். அந்த மனுஷங்களுக்குக் குடும்பம் இல்லாமப் போனது அவங்க குணத்தால இல்லை. சட்டம் போட்டு, கூலி நிர்ணயம் பண்ணி, கொட்டகை கட்டி, தடியடி நடத்தி இல்லாம ஆக்கினாங்க.

1898-ல் ஸ்பெயினிடமிருந்து பிலிப்பைன்ஸை அமெரிக்கா எடுத்துக்கொண்டது. அங்குள்ளவர்கள் 'அமெரிக்க நேஷனல்' ஆனார்கள். அதாவது வெளிநாட்டுக்காரன் இல்லை, குடிமகனும் இல்லை. வேலைக்கு வரலாம், ஓட்டுப் போட முடியாது. 1906-ல் ஹவாய் கரும்புத் தோட்ட முதலாளிகள் முதல் 15 பேரைக் கப்பலில் கொண்டு வந்தார்கள். இருபதுகளில் கூட்டம் கலிபோர்னியாவுக்கும் வந்தது. பெரும்பாலும் கல்யாணம் ஆகாத இளவட்டங்கள். இலோக்கானோ மொழியில் மூத்தவரை 'மனோங்' என்பார்கள், நம்ம 'அண்ணே' மாதிரி. அந்தத் தலைமுறைக்கே பிற்பாடு அதுதான் பேராகிவிட்டது.

வேலை? ஸ்டாக்டன் பக்கம் அஸ்பராகஸ், சலினாஸில் லெட்யூஸ், டெலானோவில் திராட்சை. கோடை வந்தால் அலாஸ்காவுக்குப் போய் சால்மன் மீன் டப்பாவில் அடைக்கும் வேலை. முதுகை வளைத்து வளைத்து நிமிரவே முடியாத வேலை. ஒரு பயிர் முடிந்ததும் மூட்டையைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊர். தங்குவதற்குப் பண்ணையில் ஒரு கொட்டகை, வரிசையாகக் கட்டில்.

இதுல எங்கே சார் குடும்பம் வைக்கிறது? முதலாளிக்குத் தனி ஆள்தான் லாபம். பொண்டாட்டி புள்ளைங்க வந்தா வீடு கேட்பான், பள்ளிக்கூடம் கேட்பான், ஊர் ஊரா அலைய மாட்டேன்னு சொல்லுவான். 1930-ல் கலிபோர்னியாவில் சுமார் 30,000 பிலிப்பினோக்கள் இருந்தார்கள். பதினான்கு ஆணுக்கு ஒரு பெண் என்ற கணக்கு.

சரி, உள்ளூர்ப் பெண்ணைக் கட்டிக்கலாமேன்னு கேட்பீங்க. கேளுங்க கதையை.

கலிபோர்னியாவில் வெள்ளையர் - 'மங்கோலியர்' திருமணம் செல்லாது என்று சட்டம் இருந்தது. சால்வடோர் ரோல்டன் என்ற பிலிப்பினோ கோர்ட்டுக்குப் போய், "நான் மங்கோலியன் இல்லை, மலாய் இனம்" என்று வாதாடி 1933-ல் ஜெயித்தார். சட்டசபை என்ன செய்தது? அதே வருடம் சட்டத்தில் 'மலாய் இனம்' என்ற இரண்டு வார்த்தையைச் சேர்த்தது. அவ்வளவுதான், கதவு சாத்தியாச்சு. 1948-ல் அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தையே தூக்கும் வரை அதுதான் நிலைமை. 1933-ல் இருபத்தஞ்சு வயசுக்காரனுக்கு 1948-ல் நாற்பது.

டான்ஸ் ஹாலில் பத்து சென்ட் டிக்கெட் வாங்கி ஒரு பாட்டுக்கு ஒரு வெள்ளைக்காரப் பெண்ணோடு ஆடினால்கூடப் பொறுக்கவில்லை. 1930 ஜனவரியில் வாட்சன்வில்லில் நூற்றுக்கணக்கான பேர் கும்பலாகத் திரண்டு ஐந்து நாள் பிலிப்பினோக்களை வேட்டையாடினார்கள். கொட்டகையில் ஒளிந்திருந்த ஃபெர்மின் டோபெரா என்ற 22 வயதுப் பையன் சுட்டுக் கொல்லப்பட்டான். அந்தக் கொலைக்கு ஒருத்தருக்கும் தண்டனை இல்லை.

1934-ல் இன்னொரு சட்டம், டைடிங்ஸ்-மெக்டஃபி. பிலிப்பைன்ஸுக்குப் பத்து வருடத்தில் சுதந்திரம் தருகிறோம் என்று பெருந்தன்மையாக ஆரம்பித்து, இங்கே இருந்தவர்களை ஒரே ராத்திரியில் அந்நியர்கள் ஆக்கியது. இனி அங்கிருந்து வருடத்துக்கு வெறும் 50 பேர்தான் குடியேற வரலாம். ஊர்ல பொண்ணு பார்த்துக் கூட்டிட்டு வரலாம்னா அந்த 50-க்குள்ள வரணும். அடுத்த வருடம், 1935-ல், ஊருக்குத் திரும்ப இலவச டிக்கெட். ஆனால் போனால் திரும்பி வருவதற்கும் அதே 50 கோட்டாதான். போனவர்கள் சுமார் 2,000 பேர். மற்றவர்கள் ஊருக்குப் பணம் அனுப்பிக்கொண்டு இங்கேயே கிடந்தார்கள். அந்தப் பணத்தில் தம்பி படித்தான், தங்கை படித்தாள். இதுக்குப் பேர் ஃபேமிலி வேல்யூஸ் இல்லைன்னா வேற என்ன அண்ணே?

அப்புறம் அவர்கள் குடும்பமே இல்லாமல் இருந்தார்கள் என்பதும் பாதிதான் உண்மை. ஸ்டாக்டனில் லிட்டில் மனிலா என்ற பேட்டையில் குழந்தை உள்ள குடும்பங்கள் கொஞ்சம்தான். அந்தக் குழந்தைகள் ஒவ்வொன்றுக்கும் டஜன் கணக்கில் ஞானத்தகப்பன்கள், மாமாக்கள். ஞானஸ்நானம் என்றால் ஊரே கூடும். வருடக்கணக்கில் ஒன்றாகச் சுற்றி, ஒரே சட்டியில் சமைத்துச் சாப்பிட்ட வேலைக் குழுதான் அண்ணன் தம்பி. இருக்கிறதை வைத்துக் குடும்பம் கட்டினார்கள். அந்தப் பேட்டையின் பெரும்பகுதியையும் பிற்பாடு நெடுஞ்சாலைக்காக இடித்துத் தள்ளியாச்சு.

இப்போ அடுத்த திருட்டுக்கு வர்றேன்.

டெலானோ திராட்சை வேலைநிறுத்தம் என்றதும் நம்ம ஆளுங்க டக்குனு சொல்ற பேர் செசார் சாவேஸ். சாவேஸ் பற்றிய விவாதம் தனி. அந்த வேலைநிறுத்தத்தை ஆரம்பித்தது யார் என்பதுதான் என் கேள்வி. 1965 மே மாதம் கோச்செல்லாவில் பிலிப்பினோ தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி மணிக்கு 1.40 டாலர் வாங்கினார்கள். டெலானோ முதலாளிகள் அதைத் தர மறுத்தார்கள். செப்டம்பர் 7 இரவு பிலிப்பினோ ஹாலில் ஓட்டெடுப்பு. மறுநாள் காலை திராட்சை கொடியிலேயே நின்றது. முன்னால் நின்றவர் லாரி இட்லியாங் (பேரைப் பார்த்துச் சிரிக்காதீங்கப்பா). 1929-ல் பதினைந்து வயதில் வந்தவர், விபத்தில் மூன்று விரலை இழந்தவர், வக்கீல் ஆக ஆசைப்பட்டவர்.

வேலையை நிறுத்தியவர்களில் பலர் ஐம்பது அறுபது வயதுக்காரர்கள். முதலாளிகள் கொட்டகைகளில் தண்ணீர், கரண்ட், கேஸ் எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். இருபது வருடம் படுத்த கட்டிலிலிருந்து துரத்தினார்கள். சாவேஸின் மெக்சிகோக்காரர்கள் சங்கம் சேர்ந்தது எட்டு நாள் கழித்து, செப்டம்பர் 16-ல். அதுவும் இட்லியாங் நேரில் போய்க் கேட்ட பிறகு. அதுவரை முதலாளிகள் ஒரு கூட்டத்தின் வேலைநிறுத்தத்தை இன்னொரு கூட்டத்தை வைத்து உடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த விளையாட்டு அன்றோடு முடிந்தது.

ஐந்து வருடம் போராடி 1970 ஜூலையில் ஒப்பந்தம் வந்தது. ஆனால் சங்கம் கொண்டு வந்த புது வேலைப் பங்கீட்டு முறையில் அந்தப் பழைய குழுக்களைப் பிரித்துப் போட்டார்கள். இருந்த ஒரே குடும்பமும் கலைந்தது. மனசு வெறுத்து இட்லியாங் 1971-ல் சங்கத்தை விட்டே விலகினார். 1977-ல் இறந்தார். கலிபோர்னியா அரசு அவர் பெயரில் ஒரு நாளை அறிவித்தது 2015-ல்.

"அது அவங்க கதை, நமக்கென்ன?" என்பவர்களுக்கு ரெண்டே ரெண்டு தேதி. இந்தியர்கள் அமெரிக்கக் குடிமகன் ஆகலாம் என்று 1946-ல் வந்த லூஸ்-செல்லர் சட்டம், பிலிப்பினோக்களுக்கும் சேர்த்துப் போட்ட ஒரே சட்டம். நம்ம இன்ஜினியர்களுக்கும் டாக்டர்களுக்கும் கதவைத் திறந்த குடியேற்றச் சட்டம் கையெழுத்தானது 1965 அக்டோபர் 3. டெலானோவில் கிழவர்கள் வேலையை நிறுத்தி நாலு வாரம்கூட ஆகலை. நாம வந்தப்போ குடும்பத்தோட வரலாம்னு சட்டம் சொன்னது. அவங்க வந்தப்போ சொல்லலை. வித்தியாசம் இது. வேல்யூஸ்ல இல்லை அண்ணே.

மாமியாருக்கு விசா ஸ்டாம்பிங் ரெண்டு மாசம் தள்ளிப் போனா நாம என்ன குதி குதிக்கிறோம். அவங்களுக்கு ஆயுசே தள்ளிப் போச்சு.

1974-ல் டெலானோவில் அக்பயானி வில்லேஜ் என்று ஒன்று கட்டினார்கள். ஆயிரக்கணக்கான தொண்டர்கள் சேர்ந்து கட்டியது. போராட்டத்தின்போது மறியலில் உயிர்விட்ட ஒரு தொழிலாளியின் பெயர். வயதான மனோங்குகள் தங்குவதற்குச் சுமார் அறுபது அறை. ஒரு அறைக்கு ஒரு ஆள். வேற எப்படிக் கட்ட முடியும்?

அடுத்த பாட்லக்ல அண்ணன்கிட்ட இதை நேர்லயே சொல்லிடுவேன். பாயசத்தைக் கீழே வச்சுட்டு :-)