உயிர்க் கணக்கை யார் பார்ப்பது?

பம்பாய்க் கடலில் 1974இல் எண்ணெய் கண்டபோது நாடே மகிழ்ந்தது. உழைப்பாளி கொடுத்த விலை என்ன? 2005 ஜூலை 27இல் கப்பல் மோதி எண்ணெய் மேடை எரிந்தது. 22 உயிர்கள் போயின. 2008இல் மத்திய அரசு கடல் எண்ணெய்ப் பணிகளுக்குப் பாதுகாப்பு விதிகளை வகுத்தது. ஆயினும் 2021 மே மாதம், புயல் எச்சரிக்கைக்குப் பின்னும் கடலில் நின்ற பி-305 மிதவை மூழ்கி, 70க்கும் மேற்பட்ட தொழிலாளர் மாண்டனர்.

விதி இருந்தும் ஏன் இந்தச் சாவு? எண்ணெய் எடுக்கும் ஓ.என்.ஜி.சி.யும், அதைக் கண்காணிக்கும் எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்ககமும் ஒரே பெட்ரோலிய அமைச்சகத்தின் கீழ். உற்பத்திக் கணக்குக் கேட்பவரே உயிர்க் கணக்கும் பார்த்தால் எது முந்தும்?

பாராளுமன்றத்துக்குப் பதில் சொல்லும் தனி ஆணையம் வேண்டும். ஒப்பந்தக்காரர்களின் மிதவைகளும் அதன் கண்ணில் படவேண்டும். இதையே நாம் கேட்கிறோம்.