சாட்சிக் கூண்டில் ஏறாத நெற்பயிர்

புதுக்கடை நீதிமன்ற வளவுக்கு அருகில் உள்ள தேநீர்க் கடையொன்றில் அண்மையில் ஒரு கமக்காரரைச் சந்தித்தேன். காணி வழக்கொன்றுக்காக அம்பாறை மாவட்டத்திலிருந்து வந்தவர். பேச்சு வழக்கை விட்டு வயலுக்குத் தாவியது. "மூணு தரம் மருந்தடிச்சம் ஐயா. அறக்கொட்டியான் கூடினதே தவிரக் குறையல" என்றார்.

அதைப் புலம்பல் என்று தள்ளிவிட முடியாது. அறக்கொட்டியான் எனப்படும் கபிலநிறத் தத்தி, பூச்சிகொல்லி கண்டபடி தெளிக்கப்பட்ட வயலிலேயே பெருகும். அதைத் தின்னும் சிலந்தியும் அதன் முட்டையை அழிக்கும் சிறு குளவியும் முதலில் மடிந்துவிடுகின்றன. இந்தோனேசியா 1986இல் 57 பூச்சிகொல்லிகளை நெல்வயலில் தடைசெய்தது இதனாலேயே.

நமது நாட்டிலோ இரண்டு கட்சிகள்தாம். ஒன்று "அடி" என்கிறது. மற்றது "தடைசெய்" என்கிறது. 2021 மே மாதம் இரசாயன உர, பீடைநாசினி இறக்குமதி ஒரே நாளில் தடைசெய்யப்பட்டது. விளைச்சல் வீழ்ந்த பின் நவம்பரில் தடை நீக்கப்பட்டது. இந்த வழக்கில் இரு தரப்பும் வாதிட்டன. நெற்பயிரை மாத்திரம் எவரும் சாட்சிக்கு அழைக்கவில்லை.

அழைத்திருந்தால் அது என்ன சொல்லியிருக்கும்? பயிருக்கும் காவற்படை உண்டு. அதற்குக் கட்டளையிடுபவை ஓமோன்கள். புழு இலையைக் கடித்தால், மல்லிகை எண்ணெயில் முதலில் அறியப்பட்ட பொருளின் இனமான ஜஸ்மோனிக் அமிலம் உயர்கிறது; புழுவின் சமிபாட்டைக் குழப்பும் புரதங்கள் சுரக்கின்றன. உயிருள்ள கலத்தில் ஒட்டி வாழும் நோய்க்கிருமி வந்தால் சலிசிலிக் அமிலம் எழுகிறது. பெரும்பாலும் ஒன்று ஓங்கினால் மற்றது ஒடுங்கும். ஒரு வாசலில் காவலைக் கூட்டினால் மறு வாசல் தளரலாம்.

2012இல் சீனாவின் செஜியாங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒன்றைக் காட்டினார்கள். ஒட்சின் ஓமோனைப் போலச் செயற்படும் '2,4-டி' களைநாசினி சிறிதளவு பட்ட நெல்லில் ஜஸ்மோனிக் அமிலம் உயர்ந்தது. தண்டு துளைப்பானுக்கு எதிர்ப்பும் கூடியது. ஆனால் அதே பயிர் தத்தியை ஈர்த்தது. தத்தியின் முட்டையை அழிக்கும் குளவியையும் கூடவே அழைத்தது. அந்தக் குளவியைக் கொல்லும் மருந்தை அடுத்த வாரமே அடித்தால் என்ன நேரும்? கமக்காரர் தேநீர்க் கடையில் சொன்னதுதான் நேரும். நம் வயல்களுக்குப் பழக்கமான எம்.சி.பி.ஏ. களைநாசினியும் இதே இனத்தது என்பதை மறக்கலாகாது.

யூரியாவின் கதையும் வேறல்ல. அளவுக்கு மிஞ்சிய நைதரசனால் பயிர் கரும்பச்சையாய்க் கொழுக்கிறது. அதன் சாறு தத்திக்கு விருந்தாகிறது.

வெட்கத்துக்குரிய செய்தி இனித்தான். தத்தியை எதிர்க்கும் நெல்லினங்களில் உலகப் புகழ் பெற்ற ஒன்று நமது 'ரத்து ஹீனட்டி'. அதன் எதிர்ப்புச் சக்தி 1970களிலேயே சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தால் அறியப்பட்டது. அதற்குக் காரணமான மரபணுக்களை 2015இல் பிரித்தெடுத்துக் காட்டியவர்கள் சீன விஞ்ஞானிகள். கலத்தின் மென்சவ்விலே நின்று எதிரியை உணரும் ஏற்பிகளை ஆக்குபவை அவை. விதை நம்முடையது, அந்த அறிவை முதலில் அறுவடை செய்தவர்கள் பிறர்.

நான் விஞ்ஞானி அல்லன், கலைப் பட்டதாரி. ஆயினும், உர மானியத்துக்கு அள்ளி இறைக்கும் அரசுகள் பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையத்துக்கும் விவசாயப் போதனாசிரியருக்கும் அதில் ஒரு பங்கையாவது ஒதுக்க வேண்டும் என்று கேட்பதற்கு விஞ்ஞானப் பட்டம் தேவையில்லை. எந்த மருந்தை எப்போது அடிக்கக் கூடாது என்று கமக்காரருக்கு வரம்பில் நின்று சொல்ல ஒருவர் வேண்டும். இன்று அதைச் சொல்பவர் மருந்துக் கடைக்காரர். விற்பவர் "வேண்டாம்" என்று சொல்வாரா?

அன்று அந்தக் கமக்காரரின் காணி வழக்கு மறு தவணைக்குப் போனது. அவரது வயலின் வழக்குக்கு இன்னும் தவணையே குறிக்கப்படவில்லை.