எகிப்துக்குப் பட்டப்பேரு வெச்சது யாரு?

ஹாஸ்டல்ல ஒரு பட்டப்பேரு ஒட்டிக்கிச்சுன்னா அவ்வளவுதான். ஃபைனல் இயர் முடியறதுக்குள்ள அப்பா-அம்மா வெச்ச பேரு அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர்ல மட்டும்தான் மிஞ்சும். ஒரு நாட்டுக்கே இப்படி ஆச்சுன்னா? ஆகியிருக்கு பாஸ், எகிப்துக்கு!

பிரமிடு கட்டினவங்க தங்க நாட்டுக்கு எழுதின பேரு ‘க்-ம்-த்’. ‘கறுப்பு மண்’னு அர்த்தம். நைல் வெள்ளம் வருஷா வருஷம் கொண்டுவந்து கொட்டின வண்டல் கறுப்பா இருக்குமே, அதுதான். அதைத் தாண்டின பாலைவனம் ‘சிவப்பு மண்’.

அப்போ ‘எகிப்து’ எங்கிருந்து வந்தது? மெம்ஃபிஸ் நகரத்துல ப்தாஹ் சாமிக்கு ஒரு கோயில்: ‘ஹூத்-கா-ப்தாஹ்’. கோயில் பேரு ஊர் பேராச்சு. கிரேக்கர்கள் அதை ‘ஐகுப்டோஸ்’னு சொல்லி, நாட்டுக்கே வெச்சுட்டாங்க. இங்கிலீஷ்ல அது ‘ஈஜிப்ட்’. நடுவுல இருந்த ‘க’வை அவங்க ‘ஜ’ ஆக்கிட்டாங்க. நம்ம ‘எகிப்து’ அதைப் பத்திரமா வெச்சிருக்கு!

கெய்ரோ தெருவுல போய்க் கேட்டா, ‘மஸ்ர்’னுவாங்க. எழுத்து அரபியில ‘மிஸ்ர்’. ஹீப்ருல ‘மிட்ஸ்ராயிம்’. இது அக்கம்பக்கத்து வீட்டுக்காரங்க கூப்பிட்ட பேரு. கி.மு. 14-ம் நூற்றாண்டுல அண்டை நாட்டு ராஜாக்கள் பாரோவுக்கு அனுப்பின களிமண் கடிதங்கள் 1887-ல அமர்னாவுல கிடைச்சது. அதுலேயே ‘மிஸ்ரி’ இருக்கு.

சரி, சொந்தப் பேரை எப்படி உச்சரிச்சாங்க? அங்கதான் சிக்கல். நாம எஸ்.எம்.எஸ்-ல உயிரெழுத்தை முழுங்குவோமே, அதே மாதிரி அவங்க சித்திர எழுத்துல மெய் மட்டும்தான். புத்தகத்துல வர்ற ‘கெமெட்’, வாய்க்கு வசதியா அறிஞர்கள் நடுவுல ‘எ’ போட்டுப் படிக்கிறது. கோயில் பேரும் அப்படித்தான். அந்தக் களிமண் கடிதங்கள்ல அது ‘ஹிகுப்தாஹ்’!

காப்பாத்தினது காப்டிக். பழைய எகிப்து மொழியோட கடைசி வாரிசு. கிரேக்க எழுத்தைக் கடன் வாங்கினதால உயிரெழுத்தும் வந்தது. அதுல நாட்டோட பேரு ‘கேமெ’. கடைசி ‘த்’ தேய்ஞ்சே போச்சு. ஷாம்போலியன் 1822-ல சித்திர எழுத்தோட பூட்டைத் திறக்க உதவினதும் இந்தக் காப்டிக்தான். ‘காப்டிக்’ங்கிற பேரும் அதே ‘ஐகுப்டோஸ்’ல இருந்து வந்ததுங்கிறதுதான் செம காமெடி!

இன்னிக்கு காப்டிக் வீட்டுல பேசற மொழி இல்லை. சர்ச் வழிபாட்டுல கேட்கலாம். பிரமிடு கல்லு அப்படியே நிக்குது. அதைக் கட்டினவங்க தங்க ஊரைக் கூப்பிட்ட சத்தம் மட்டும் ஒரு பிரார்த்தனைக்குள்ள ஒதுங்கிடுச்சு.

ஃபேர்வெல் அன்னிக்காவது உங்க ரூம்மேட்டை நிஜப் பேரைச் சொல்லி ஒரு தடவை கூப்பிடுங்க மக்கா. ஞாபகம் இருக்குல்ல?