திண்ணைப் பட்டறையும் நம் பேனாவும்

எஃகு என்றதும் நம் மாவட்டத்தாருக்கு முதலில் நினைவுக்கு வருவது சேலம் உருக்காலை. 1970-இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 1980-களின் தொடக்கத்தில் உற்பத்தியைத் தொடங்கிய அவ்வாலை நமக்குப் பெருமைதான். ஆனால் எஃகு வேலை அந்த மதிலுக்குள் மட்டும் நடப்பதன்று. கெங்கவல்லி போன்ற ஊர்களில், வீட்டு முன்புறத்தில் தகரம் இறக்கி, ஒரு லேத்தும் ஒரு வெல்டிங் பெட்டியும் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் உண்டு. குச்சிக்கிழங்கு அரைக்கும் சேகோ ஆலையின் தண்டு தேய்ந்தாலும், டிராக்டரின் அச்சு முறிந்தாலும், கிணற்று மோட்டாரின் ஷாப்ட் வளைந்தாலும், ஆலையும் வயலும் நாடி வருவது இந்தத் திண்ணைப் பட்டறைகளைத்தான்.

இந்தப் பட்டறைகளில் உள்ள அறிவைத் தமிழில் எழுதி வைப்பது கலைக் கல்லூரி மாணவராகிய நம் கடமை என்பது என் கருத்து. 'பட்டறையில் என்ன அறிவு? கைப்பழக்கம்தானே!' என்று சிலர் கேட்கக்கூடும். அவர்களுக்காக மூன்று செய்திகளைச் சொல்கிறேன்.

முதலாவது, வேகம். சாதாரண மென் எஃகை எச்.எஸ்.எஸ். டூலால் கடையும்போது வெட்டு வேகம் நிமிடத்துக்கு 30 மீட்டர் அளவில் இருப்பது பொது வழக்கு. 25 மி.மீ. விட்டமுள்ள தண்டென்றால் அது நிமிடத்துக்கு 380 சுற்று; 100 மி.மீ. தண்டென்றால் 95 சுற்றுதான். தண்டு பருக்கப் பருக்கச் சுற்றைக் குறைக்க வேண்டும். பள்ளிக் கணக்கில் வட்டத்தின் சுற்றளவு படித்த நாம் மறந்திருப்போம். பட்டறைக்காரர் சீவல் உருளும் விதத்தையும் நிறத்தையும் பார்த்தே இதைச் சொல்லிவிடுவார்.

இரண்டாவது, வெப்பம். கடையும்போது எஃகு சூடேறி விரியும். 100 மி.மீ. தண்டு 40 பாகை சூடேறினால் ஏறத்தாழ 0.05 மி.மீ. பருத்துவிடும். அந்தச் சூட்டிலேயே அளந்து முடித்தால், ஆறிய பின் அளவு குறைந்து பேரிங் தளர்ந்து ஆடும். 'ஆறட்டும், பொறு' என்று பட்டறைக்காரர் நிறுத்துவது சோம்பல் அன்று, இயற்பியல்!

மூன்றாவது, வெட்டு. தண்டுகளுக்குப் பயன்படும் நடுத்தரக் கரி எஃகை காஸ் சுடரால் வெட்டினால், வெட்டிய ஓரம் இறுகிவிடும். அதில் நேரே டூலை வைத்தால் முனை மழுங்கும். எனவே முதலில் கிரைண்டரால் அந்த ஓரத்தைத் தேய்த்துவிட்டுப் பிறகே கடைய வேண்டும்.

இத்தகைய அறிவு வாய்வழியாகவே வருகிறது. வாய்வழியாக வருவது ஆளோடு போய்விடுவதும் உண்டு. இழப்பு அறிவோடு நின்றால் பொறுக்கலாம். ஒரு மீட்டர் நீளமுள்ள 100 மி.மீ. தண்டின் எடை ஏறத்தாழ 62 கிலோ. அது நழுவினால் கால் நசுங்கும். சக்கில் மறந்துவிட்ட சாவி, எந்திரம் சுழன்றவுடன் குண்டாகப் பாயும். தோளில் கிடக்கும் துண்டும், கையிலிட்ட உறையும் சுழலும் தண்டில் சிக்கினால் கையையும் சேர்த்து இழுக்கும். கை உறை பாதுகாப்பென்று எண்ணுவோர் பலர். லேத்தின் முன் அதுவே ஆபத்து!

சட்டம் காக்காதா என்று கேட்கலாம். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், மின்விசையால் இயங்கும் இடத்தில் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் அதைத் தொழிற்சாலை என்றது. தந்தையும் மகனும் மட்டும் உழைக்கும் பட்டறை அந்தக் கணக்கிற்குள் வரவில்லை. ஆய்வாளர் எட்டாத இடத்திற்கு எழுத்தாவது எட்ட வேண்டாமா? 'அனுபவம் கற்றுத் தரும்' என்கிறார்கள். உண்மைதான். ஆனால் அந்த ஆசிரியர் சில வேளைகளில் விரலையே சம்பளமாகக் கேட்கிறார்.

கணினி இயக்கும் லேத்துகள் வந்துவிட்டனவே, இனி இந்தப் பட்டறைகள் எதற்கு என்பார் உண்டு. ஒரே மாதிரி ஆயிரம் உருப்படிகள் வேண்டுமானால் அவை நன்று. அறுவடை நாளில் முறிந்த ஒற்றை அச்சுக்குப் பக்கத்துத் தெருப் பட்டறைதான் கதி.

நம் பக்கத்துத் தம்மம்பட்டியில் மரத்தைச் செதுக்குவோரைக் கலைஞர் என்று போற்றுகிறோம், அது முறையே. மரத்தைச் செதுக்கினால் கலை, எஃகைச் செதுக்கினால் கூலி வேலையா? 'கடைசல்' என்னும் அழகிய சொல் கட்டில் காலுக்கும் எஃகுத் தண்டுக்கும் பொதுவானதல்லவா?

நண்பர்களே, இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. விடுமுறையில் ஊர் செல்லும்போது, உங்கள் தெருப் பட்டறையில் ஒரு நாள் உட்காருங்கள். அவர்கள் பேசும் சொல்லிலேயே, எதை எப்படிச் செய்கிறார்கள், எதற்கு அஞ்சுகிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். தமிழ்த்துறையார் சொற்களைத் தொகுக்கட்டும். இயற்பியல் துறையார் காரணத்தை விளக்கட்டும். பொருளியல் துறையார் கூலிக்கணக்கைப் பார்க்கட்டும். அவற்றைப் பத்துப் பக்கச் சிறு நூலாக்கி அதே பட்டறைகளில் கொண்டுபோய்க் கொடுப்போம். நம் பேனா ஒரு சிறுவனின் விரலைக் காக்குமானால், நாம் பெற்ற கல்விக்கு அதைவிட வேறு பயன் என்ன வேண்டும்?